ஜன்னலுக்கு ஜனவரி பங்காளி முறை

(இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் வீடு, வாசல், மரவேலை. யாரோ சொல்லிவைத்து எழுதச் சொன்ன மாதிரி இருக்கிறது. நமக்கென்ன, பதில் சொல்லிவிடுவோம்.)

கே: மாமா, ஜன்னல் தமிழ்ச் சொல்லா? இதற்காக எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவில்லை, அவ்வளவு சண்டை.
— மாமியாரும் மருமகளும், மன்னார்குடி

ப: போர்ச்சுகீசியச் சொல். அங்கே 'ஜனெலா'. கப்பலில் வந்து கரையேறி, வாலைக் கத்தரித்துக்கொண்டு 'ஜன்னல்' ஆயிற்று. யார் ஜெயித்தது என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம். இரண்டு பேர் கைச் சாப்பாடும் எனக்குத் தேவை.

கே: போர்ச்சுகீசியருக்கு அது எங்கே கிடைத்ததாம்?
— வரலாற்று ஆசிரியர், விருத்தாசலம்

ப: லத்தீனில். 'இயானுவா' என்றால் வாசற்கதவு. அதன் செல்லக் குட்டி வடிவத்திலிருந்து வந்தது ஜனெலா. ஆக, ஜன்னல் என்றால் குட்டிக் கதவு. ரோமாபுரியில் வாசலுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு: இயானுஸ். முன்னே ஒரு முகம், பின்னே ஒரு முகம். போன வருஷத்தையும் வருகிற வருஷத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கிற மாதத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஜன்னலும் ஜனவரியும் பங்காளிகள். இரண்டையும் திறந்ததும் பனி அடிக்கும்.

கே: குட்டிக் கதவு என்றால், ஜன்னல் வழியாக வருகிறவன் விருந்தாளியா, திருடனா?
— போலீஸ்காரர், பொள்ளாச்சி

ப: கம்பிக்கு வெளியே நின்று பேசினால் பக்கத்து வீட்டுக்காரர். கம்பியை வளைத்தால் உங்கள் ஆள்.

கே: அப்படியானால் போர்ச்சுகீசியன் வரும்வரை தமிழன் காற்றே வாங்கவில்லையா? இரத்தம் கொதிக்கிறது!
— தனித்தமிழ் அன்பர், தஞ்சாவூர்

ப: கொஞ்சம் ஆறுங்கள், காலதரைத் திறக்கிறேன். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, காலதர். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்போல் காலதர் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சாளரம் உண்டு. பலகணி உண்டு. வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-ல். அதற்குப் பல நூறு வருஷம் முன்பே நாம் காற்று வாங்கியாயிற்று. பிறகு வாங்கியது சொல் மட்டும்தான்.

கே: மானின் கண் என்பது புலவர் புளுகுதானே?
— கணக்குப்பிள்ளை, காரைக்குடி

ப: புளுகு என்றால் உலகமே சேர்ந்து புளுகியிருக்கிறது. வடமொழியில் ஜன்னலுக்குக் கவாட்சம் என்று பெயர்: பசுவின் கண். ஆங்கில 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியிலிருந்து போனது: காற்றின் கண். ஸ்பானியர் சொல்லும் 'வெந்தானா'வுக்குள் கண் இல்லை, காற்று மட்டும் உண்டு. ஜன்னல் என்றதும் ஒருவருக்குக் கண் ஞாபகம், ஒருவருக்குக் காற்று ஞாபகம். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் கிரில் செலவு ஞாபகம்.

கே: கையில் மூன்று நல்ல தமிழ்ச் சொல் இருக்க, நாலாவதாக வெளிநாட்டுச் சொல் எதற்கு?
— அதே தனித்தமிழ் அன்பர், தஞ்சாவூர்

ப: வீட்டுச் சொற்களைக் கொண்டுவருவது பண்டிதர் இல்லை ஐயா, வேலை. துறைமுக ஊரில் மாதா கோயிலும் பண்டகசாலையும் எழும்புகிறது. கட்டுகிற துரை சுவரைக் காட்டி "இங்கே ஒரு ஜனெலா வை" என்கிறான். "காலதர் என்று சொல்லுங்கள், துரை" என்று தச்சர் பாடமா நடத்துவார்? கூலியை வாங்குகிற கையால் சொல்லையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பண்டிதர் தூங்கி எழுந்தபோது ஜன்னல் திறந்திருந்தது.

கே: நாங்கள் யன்னல் எண்டுதான் எழுதுவம். நீங்கள் ஏன் ஜன்னல் எண்டு எழுதுறியள்? எது சரி?
— யாழ்ப்பாணத்தார், ஸ்கார்பரோ

ப: இரண்டும் ஒரே கப்பல் சரக்குத்தான். ஜ-வை இறக்கிவிட்டு ய-வை ஏற்றியது உங்கள் துறைமுகம். நீங்கள் பூட்டைத் திறப்பது 'திறப்பு' கொண்டு. நாங்கள் இன்னும் போர்ச்சுகீசியச் 'சாவே'யைச் சாவி என்று இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறோம். அதில் உங்களுக்கு வெற்றி. ஆனால் நீங்கள் உட்காருவது கதிரையில், அது போர்ச்சுகீசிய 'கதெய்ரா'. எங்களுக்கு நாற்காலி. ஆக மொத்தம் டிரா.

கே: மலாய்க்காரர்கள் ஜன்னலை 'ஜெண்டெலா' என்கிறார்கள். தமிழிலிருந்து திருடியதுதானே?
— எஸ்டேட் கிராணி, ஈப்போ

ப: ஒரே கடையில் இரண்டு பேர் கடன் வாங்கினால், ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லக்கூடாது. போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511-ல். அங்கே ஜெண்டெலா, சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானலா. அவர்கள் கப்பல் போன வழியைத் தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம், ஜன்னலுக்கு என்ன பெயர் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போனால் போதும்.

கே: சாவி போயிற்று, ஜன்னல் போயிற்று. அலமாரியாவது நம்முடையதா?
— பீரோ வியாபாரி, பெரம்பூர்

ப: அதுவும் போயிற்று. போர்ச்சுகீசிய 'அர்மாரியோ'. லத்தீன் மூலத்தில் ஆயுதம், தளவாடம் வைக்கிற பெட்டி. இப்போது பட்டுப்புடவை வைக்கிறோம். ஆயுதம் வைக்கிற இடம் என்பது மட்டும் மாறவில்லை என்பார்கள் புருஷன்மார்கள்.

கே: எங்கள் மேஸ்திரி சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பதே இல்லை. அந்தச் சொல்லில் ஏதாவது கோளாறா?
— பாதி வீடு கட்டியவர், பல்லாவரம்

ப: சொல் மிகப் பெரிய இடம். லத்தீன் 'மாஜிஸ்தெர்', போர்ச்சுகீசியத்தில் 'மெஸ்த்ரே', நம்மிடம் மேஸ்திரி. அதே லத்தீன் வயிற்றில் பிறந்தவர்கள்தான் டீ மாஸ்டரும், டான்ஸ் மாஸ்டரும், மாஜிஸ்ட்ரேட்டும். மாஜிஸ்ட்ரேட்டின் தம்பி வாய்தா வாங்காமல் வேறு என்ன வாங்குவார்?

கே: கிராதி, கிராதகன். உறவு உண்டா?
— குறுக்கெழுத்துப் பைத்தியம், குன்னூர்

ப: இல்லை. கிராதி என்பது போர்ச்சுகீசிய 'கிராதெ', கம்பி அழி. கிராதகன் வடமொழி வேடனான கிராதனின் வழி வந்தவன். கிராதகன் உள்ளே வராமலிருக்கத்தான் கிராதி.

கே: 'பலகணி'தான் கப்பலேறி 'பால்கனி' ஆனது என்று ஒரு பேச்சாளர் முழங்கினார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.
— கைதட்டியவர்களில் ஒருவர், கரூர்

ப: கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பால்கனி இத்தாலியச் சொல். வேர் இன்னும் வடக்கே, ஜெர்மானிய மொழிகளில் உத்திரக்கட்டை என்று பொருள்படும் சொல். சுவரைத் தாண்டி நீட்டிய கட்டைமேல் நிற்கிற மேடை. பலகணியோ பல கண் உடையது. ஒன்று நிற்கிற இடம், மற்றது பார்க்கிற இடம். உச்சரிப்பு ஒத்துப்போவதால் உறவாகிவிடாது. எங்கள் தெருவில் மூன்று முருகேசன் இருக்கிறார்கள்.

கே: பலகணியை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?
— ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றி, திருச்சி

ப: கும்பகோணம் பக்கம் திருவலஞ்சுழி. வெள்ளைப் பிள்ளையார் சன்னதியில் கருங்கல் பலகணி இருக்கிறது. கல்லைக் குடைந்து குடைந்து பின்னல் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போய் ஒரு துளையின் விளிம்பைப் பாருங்கள்: உளி ஒரு தடவை தவறியிருந்தால் மொத்தக் கல்லும் வீண். ஒட்டவைக்க முடியாது, அழித்து எழுத முடியாது. பார்த்தபின் பிள்ளையாரையும் கும்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்வார்.

கே: பழைய ஸ்தபதிகள் 'இதைத் தவிர வேறு எதையும் செய்து தருகிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்களாமே?
— பத்திரப்பதிவு எழுத்தர், பட்டுக்கோட்டை

ப: அப்படித்தான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழி பலகணி, ஆவுடையார்கோயில் கொடுங்கை. இவை நீங்கலாகக் கோயில் வேலை எதுவானாலும் ஒப்புக்கொள்வார்களாம். தன்னால் முடியாததை முதலிலேயே எழுதிக்கொடுத்த ஒப்பந்தக்காரர்கள்! அந்த வம்சம் டெண்டர் எடுக்க வராமலே போய்விட்டது.

கே: கொடுங்கை என்றால் கொடுமையான கையா?
— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பரமக்குடி

ப: வளைந்த கை. கொடு என்றால் வளைவு. கொடுக்காப்புளி வளைந்திருப்பதைப் பார்த்ததில்லையா? கூரையில் சுவரைத் தாண்டி வெளியே வளைந்து இறங்குகிற விளிம்புதான் கொடுங்கை. ஆவுடையார்கோயிலில் அண்ணாந்து பாருங்கள்: மேலே மரச்சட்டம் மாதிரி, அதை இறுக்கிய கம்பி மாதிரி, கம்பியில் அடித்த ஆணி மாதிரி. எல்லாம் கல். மரவேலையைக் கல்லில் செய்து காட்டிய குறும்பு. பார்த்து முடித்ததும் கழுத்து கொடுங்கை ஆகிவிடும்.

கே: கல்லில் கட்டுகிறவன் எதற்காக மரத்தைக் காப்பியடிக்க வேண்டும்?
— சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, கோவை

ப: கல்லுக்கு முன்னால் மரம் வந்தது தம்பி, அதனால். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பார். கூரை வேய்ந்த குடிசை, அப்படியே கல்லில். கோயில் விமானங்களில் லாடம்போல் வளைந்த 'கூடு' இருக்கிறதே, அதுவும் பழைய மரக் கூரையின் முகப்பு ஜன்னல். வடமொழியில் அதற்கும் கவாட்சம் என்றே பெயர். கிரேக்கர் கதையும் இதுதான்: அவர்கள் கல் கோயிலில் வரிவரியாகத் தெரிவது பழைய மர உத்திரத்தின் முனை என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். நீ செமஸ்டரில் காப்பியடித்தால் மட்டும் அது குற்றம்.

கே: 'மரமே இல்லாமல் கட்டினேன்' என்று ஒரு ராஜா கல்வெட்டு வைத்தாராமே?
— விடுகதை விரும்பி, விழுப்புரம்

ப: உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, மண்டகப்பட்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இப்படி ஒரு கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவர் எழுதிவைத்தார். ஏழாம் நூற்றாண்டு. மரம், இரும்பு, செங்கல் எதற்கும் பில் இல்லாமல் ஒரு கட்டடம். ஆடிட்டர்கள் போய்க் கும்பிட வேண்டிய தலம்.

கே: ஆர்க்கிடெக்ட் பெரியவரா, ஆசாரி பெரியவரா?
— பிளான் வரைபவர், பெருங்குடி

ப: ஒருவர்தான். கிரேக்கத்தில் 'டெக்டோன்' என்றால் தச்சர். 'ஆர்க்கி' சேர்த்தால் தலைமைத் தச்சர். வடமொழியில் அதே குடும்பத்துச் சொல் 'தக்ஷன்'. நம் தச்சரும் அந்த வழிதான். டெக்னாலஜி, டெக்ஸ்டைல் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். கிரேக்க மொழி விவிலியம் இயேசுவின் தொழிலைக் குறிப்பிடுவதும் டெக்டோன் என்றே. விசிட்டிங் கார்டில் 'பெருந்தச்சர்' என்று போட்டுக்கொள்ளுங்கள். ஃபீஸ் குறையாது, மரியாதை கூடும்.

கே: இழைப்புளியில் புளி எதற்கு?
— புதுப்பெண், புதுக்கோட்டை

ப: அது இழைப்பு உளி அம்மா. இழைக்கிற உளி. சேர்த்துச் சொல்லும்போது உங்கள் காதில் புளி கரைகிறது. ஆனால் ஆசாரி உளியைத் தட்டுகிற கொட்டாப்புளியைக் கையில் எடுத்துப் பாருங்கள், பல இடங்களில் அது புளியமரத்தில் செய்ததாகவே இருக்கும். எத்தனை அடி வாங்கினாலும் பிளக்காத கட்டை. மருமகளாக வந்திருக்கிறீர்கள், இந்தத் தகவல் உதவும்.

கே: ஆசாரி 'ரெண்டு நூல் கம்மி' என்கிறார். டேப்பில் நூல் எங்கே இருக்கிறது?
— ஐ.டி. ஊழியர், சிறுசேரி

ப: டேப்பை உற்றுப் பாருங்கள். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்திருக்கும் அல்லவா, அதில் ஒரு பங்குதான் நூல். மூன்று மில்லிமீட்டரும் சொச்சமும். ஆசாரி காதில் செருகிய பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, ஒரு கீறல் போட்டு "அஞ்சே கால், ஒரு நூல்" என்பார். நீங்கள் கால்குலேட்டரில் தசம புள்ளி வைக்கும் நேரத்தில் அவர் அறுத்து முடித்திருப்பார். உங்கள் கணக்கு இன்னும் லோடு ஆகிக்கொண்டிருக்கும்.

கே: தச்சர் அடிக்கிற நூலும் புலவர் எழுதுகிற நூலும் ஒன்றா?
— தமிழ் எம்.ஏ., திருநெல்வேலி

ப: எம்.ஏ. படித்துவிட்டு என்னைக் கேட்கிறீர்களே! நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவரே சேர்த்துவைத்திருக்கிறார். தச்சர் இரண்டு முனையில் நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மரத்தின் கோணல் தெரிந்துவிடும். படிக்கிற நூல் மனசின் கோணலைக் காட்டும். மரத்தில் கோணல் தெரிந்தால் இழைத்துவிடலாம். மனசில் தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

கே: 'ஆப்பு வைத்துவிட்டான்' என்று பேசுவது கெட்ட வார்த்தையா மாமா?
— அலுவலகத்தில் அடிபட்டவர், அண்ணாநகர்

ப: சுத்தமான தச்சுச் சொல். மரத்தைப் பிளக்கும்போது பிளவு மூடிக்கொள்ளாமலிருக்கச் செருகுகிற முளைதான் ஆப்பு. அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சதந்திரத்தில் ஒரு குரங்கு சாட்சி. பாதி பிளந்த கட்டைமேல் சொகுசாக உட்கார்ந்து ஆப்பை அசைத்தது, வால் தப்பவில்லை, உயிரும் தப்பவில்லை. கதையின் நீதி: ஆப்பு வைத்தவன் குற்றவாளி இல்லை, அசைத்துப் பார்த்தவன்தான். போன வாரம் மேனேஜர் மேஜையில் நீங்கள் எதை அசைத்தீர்கள்?

கே: வேலை கிடைக்காத என்னை 'விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்' என்கிறார் அப்பா. எங்கள் வீடு கான்கிரீட். விட்டமே இல்லையே?
— பி.காம்., பெரியகுளம்

ப: விட்டம் என்பது சுவருக்குச் சுவர் குறுக்கே போடுகிற உத்திரக்கட்டை. வட்டத்தின் குறுக்கே போகிற கோட்டுக்கும் பள்ளிக்கூடத்தில் அதே பெயர்தான். உங்கள் வீட்டில் கட்டை போய்விட்டது, பார்வை மட்டும் பாரம்பரியமாக வருகிறது. அப்பாவிடம் "ஃபேனைப் பார்க்கிறேன்" என்று திருத்திச் சொல்லுங்கள். அடி கொஞ்சம் நவீனமாக விழும்.

கே: ஜன்னலுக்கும் சட்டம், நாட்டுக்கும் சட்டம். எப்படி?
— ஜூனியர் வக்கீல், சேலம்

ப: இரண்டும் கோணாமல் பிடித்துவைக்கிற வேலைதான். வித்தியாசம் உண்டு. ஜன்னல் சட்டத்தில் சந்து இருந்தால் ஆசாரியைத் திட்டுவார்கள். மற்றதில் சந்து இருந்தால் உங்களுக்கு ஃபீஸ்.

கே: பாட்டி வீட்டுக் கதவுக்குக் குடுமி இருக்கிறதாமே! நம்பவா?
— ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்தவன், திருவையாறு

ப: நம்பு. பழைய கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் ஓரக்கட்டையில் மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை விட்டு இழைத்திருப்பார்கள். கீழ்முளை வாசற்படியில் குடைந்த குழியில் உட்காரும், மேல்முளை நிலையின் துளையில் நுழையும். அந்த முளைதான் குடுமி. குழியை விரலால் தடவிப் பார்: நூறு வருஷம் சுழன்று வழவழவென்று கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். எண்ணெய் விடாவிட்டால் கதவு முனகும். ராத்திரி செகண்ட் ஷோ முடிந்து வருகிறவனை வீட்டுக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் குடுமிதான். தேங்காயெண்ணெய் பாட்டியின் அலமாரியில் இருக்கும்.

கே: வாசலா, வாயிலா?
— பெயர்ப்பலகை எழுதுபவர், வாணியம்பாடி

ப: எழுதுவதற்கு வாயில், கோலம் போடுவதற்கு வாசல். இலக்கணக்காரரைக் கேட்டால் அது 'இல்வாய்' என்பார். இல்லத்தின் வாய், முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. இல்முன் 'முன்றில்' ஆனது போல. கதவுக்கு முன்னால் சொல்லே தலைகீழாக நிற்கிறது, நீங்கள் பலகையைத் தலைகீழாக மாட்டாமலிருந்தால் சரி.

கே: ரேழி என்றால் என்ன? கதைகளில் படிக்கிறேன், ஃபிளாட்டில் தேடுகிறேன்.
— அடுக்குமாடிவாசி, அம்பத்தூர்

ப: இடைகழி என்பது தேய்ந்து ரேழி. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள குறுகிய நடை. திருக்கோவலூரில் மழை ராத்திரி அப்படி ஓர் இடைகழியில்தான் முதலாழ்வார்கள் சந்தித்தார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இரண்டு பேர் உட்காரலாம், மூன்று பேர் நிற்கலாம். நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்கினாராம். அந்த அளவுள்ள இடத்துக்குத்தான் உங்கள் பில்டர் 'மாஸ்டர் பெட்ரூம்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

கே: வராந்தா யாருடைய சொல்? எங்கள் வராந்தாவிலேயே இரண்டு கட்சி.
— ஓய்வு பெற்ற தாசில்தார், ஒரத்தநாடு

ப: போர்ச்சுகீசியத்தில் 'வராந்தா', ஸ்பானியத்தில் 'பராந்தா', இந்தியில் 'பராம்தா'. 1498-ல் கள்ளிக்கோட்டையில் தங்கள் ஆட்கள் இருந்த ஓர் இடத்தை வாஸ்கோட காமாவின் பயணக் குறிப்பே வராந்தா என்கிறது. விளக்கம் சொல்லாமல், தெரிந்த சொல்லாக. வந்த புதிதிலேயே தெரிந்திருந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இங்கிருந்து போனது என்பது எதிர்க்கட்சி. யாழ்ப்பாணத்தில் விறாந்தை என்று சொல்லி வாசலைப் பெருக்குகிறார்கள். தமிழில் தாழ்வாரம் இருக்கிறது, தாழ்ந்து சரிகிற கூரை. காபி வந்தால் இரண்டு கட்சியும் அங்கே உட்காரலாம்.

கே: பாரபெட் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?
— மொட்டைமாடிக் காற்று வாங்குபவர், மதுரை

ப: சொல்லையே கேளுங்கள். இத்தாலிய மொழியில் 'பராபெத்தோ': நெஞ்சைக் காப்பது. அம்பு, குண்டு வந்தால் மார்பில் படாமலிருக்கக் கோட்டையில் எழுப்பிய சுவர். நம் சொல் கைப்பிடிச்சுவர்: கை வைத்து நிற்பதற்கு. அவர்களுக்குப் பகைவன் பயம், நமக்கு எதிர்வீட்டு வேடிக்கை. முழங்காலுக்குக் கீழே கட்டினால் இரண்டு மொழியும் காப்பாற்றாது.

கே: பஸ்ஸின் சேசிஸுக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவர் பந்தயம் கட்டினார். பணம் கொடுக்கவா?
— பாடி கட்டும் பட்டறைக்காரர், நாமக்கல்

ப: கொடுத்துவிடுங்கள். பிரெஞ்சில் 'ஷாசி' என்றால் சட்டம். ஆங்கிலேயன் அதை ஒரு தடவை வாங்கி ஜன்னல் சட்டத்துக்கு 'சாஷ்' என்று பெயர் வைத்தான். பிறகு மறந்துபோய் மறுபடி வாங்கி வண்டிக்கு 'சேசிஸ்' என்று வைத்தான். ஒரே பொருளை இரண்டு தடவை கடனுக்கு வாங்குவது நம் மளிகைக் கணக்கில் மட்டும் நடப்பதல்ல.

கே: ஜன்னலுக்கு யாராவது வரி போட்டிருக்கிறார்களா?
— வீட்டுவரி கட்டி நொந்தவர், வேலூர்

ப: இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை. ஜன்னலை எண்ணி வரி. ஜனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னலை அடைத்துவிட்டார்கள். இன்றும் அங்கே பழைய வீடுகளில் அடைத்த ஜன்னல்களைப் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு வரி, இருட்டு இலவசம். தயவுசெய்து இந்தப் பதிலை நகராட்சி அலுவலகத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள்.

கே: ஜன்னல் வழியாக ஆளைத் தூக்கி எறிவதற்கென்றே தனிச் சொல் உண்டாமே?
— அரசியல் நோக்கர், அருப்புக்கோட்டை

ப: உண்டு, 'டிஃபெனஸ்ட்ரேஷன்'. 1618-ல் பிராக் நகரக் கோட்டையில் மூன்று பேரை மேல்மாடி ஜன்னல் வழியாக வீசினார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். தேவதூதர் தாங்கினார் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது மற்றொரு கட்சி. அதிலிருந்து முப்பதாண்டுப் போர் வெடித்தது. இங்கே கட்சியிலிருந்து தூக்கி எறிந்தால் அடுத்த வாரம் வேறு கட்சி தாங்குகிறது.

கே: மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?
— பழைய வீடு இடிக்கப் போகிறவர், மயிலாப்பூர்

ப: இடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மர உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டை. அதன்மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தால் மாடி. சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை, மே மாதத்தில் வியர்வையும் குறைவு. இடிக்கிற கூலிக்குப் பழுது பார்க்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கே: கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் 'தச்சு கழிக்க' ஆசாரி தனியாகப் பணம் கேட்கிறார். ஏமாற்றா?
— புது வீட்டுக்காரர், சங்கரன்கோவில்

ப: உங்கள் சீமைப் பழக்கம்தான். மரத்தை வெட்டியபோதும் அறுத்தபோதும் சேர்ந்த தோஷம் வீட்டோடு தங்காமலிருக்க ஆசாரி செய்கிற பூசை. மாதக்கணக்கில் உங்கள் கதவோடு மல்லுக்கட்டியவருக்கு, கடைசியில் ஒரு வேட்டியும் தட்சிணையும் வெற்றிலைபாக்கும். ஐந்து நிமிஷம் ரிப்பன் வெட்டுகிறவருக்குச் சால்வை போடுகிறீர்களே, அப்போது கேட்டீர்களா?

கே: வாங்கின கடன் பட்டியல் நீள்கிறது. மரவேலையில் நாம் யாருக்காவது கொடுத்தது உண்டா?
— வெட்கப்பட்டவர், வேதாரண்யம்

ப: நிமிர்ந்து உட்காருங்கள். தேக்கு! மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் கேட்டு 'தெக்கா' என்று எடுத்துப்போனது, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. உலகத்தில் எந்த ஆங்கிலேயன் டீக் மேஜைமேல் கையை ஊன்றினாலும் அது நம் பக்கத்துச் சொல். 1840-களில் மலபார் கலெக்டர் கானலி காலத்தில், சாத்து மேனன் முன்னின்று நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அந்த மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. ஜன்னலுக்குப் பெயரை அவன் கொடுத்தான், மரத்துக்குப் பெயரை நாம் கொடுத்தோம். பற்று வரவு நேர்.

கே: 'குடோன்' என்பதைத் தூய தமிழில் எப்படிச் சொல்வது?
— அரிசி மண்டி, செங்குன்றம்

ப: கிடங்கு. வேடிக்கை என்னவென்றால் குடோனே கிடங்குதான். தென்னிந்தியக் கரையில் கிடங்கு, மலாயில் 'குடாங்', போர்ச்சுகீசியர் வாயில் 'குதாவ்', ஆங்கிலத்தில் 'கோடவுன்', சுற்றிச் சுற்றி உங்கள் மண்டியில் குடோன். அமெரிக்கா போய்த் திரும்பிய பிள்ளை மாதிரி: உச்சரிப்பு மாறி வந்திருக்கிறது, நாம் விருந்தாளி என்று நினைத்து நாற்காலி போடுகிறோம்.

கே: வீடு கட்ட எஸ்டிமேட் எழுதுகிறேன். ஜன்னல் என்று போடவா, சாளரம் என்று போடவா, காலதர் என்று போடவா? உங்கள் தீர்ப்பே இறுதி.
— புதுமனைக்காரர், பெரம்பலூர்

ப: மேஸ்திரிக்குப் புரிகிற சொல்லைப் போடுங்கள். ஜன்னல் என்றால் அளவு கேட்பார். சாளரம் என்றால் சிரிப்பார். காலதர் என்று எழுதினால் 'இது எக்ஸ்ட்ரா ஐட்டம் சார்' என்று சொல்லித் தனி பில் போட்டுவிடுவார்.